ஏதோ கொஞ்சம் இருக்குதுங்க

யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் எனக்குக் காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். பிறவிக் குணமா, தொழிலால் ஒட்டிக்கொண்ட வியாதியா தெரியாது. சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் பதினோரு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். "கீழ நாங்க இரும்பைக் கடையறோம், மேல டீச்சர் ஆளுங்களைக் கடையறாங்க" என்று பட்டறைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

என் கையில் எப்போதும் தடியாக ஒரு பேனா இருக்கும். தப்பு வந்ததும் அதால் மேசையில் ஒரு தட்டு. 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்.' டொக். 'யெஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட்.' டொக். 'ரிட்டர்ன் பேக்', 'டிஸ்கஸ் அபவுட்', டொக், டொக். பம்ப் கம்பெனி சூப்பர்வைசர், கல்யாணமாகி வெளிநாடு போகிற பெண், வங்கித் தேர்வு எழுதுகிறவர், யாராக இருந்தாலும் தட்டு தட்டுதான். எங்கள் பக்கத்து ஆட்களிடம் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. 'ங்க' போடாமல் அவர்களுக்கு வாயே திறக்காது. இங்கிலீஷில் அதை மாட்ட இடம் இல்லை. அதனால் 'சார்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். 'யெஸ் சார், ஐ கம் சார், பஸ் லேட் சார்.' எதிரே நிற்பது ஒரு பொம்பளை என்பதெல்லாம் கணக்கில்லை. "அந்த சாரை எடுங்க" என்று கத்தினால், "செரீங்க சார்" என்பார்கள். தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த அக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கிணத்துக்கடவிலிருந்து உக்கடம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சாயம் போன நூல் சேலை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு மஞ்சள் பை. படி ஏறி வந்த மூச்சு அடங்கும்முன்பே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இங்கிலீசு சொல்லிக்குடுக்கறது நீங்கதானுங்களா?"

வயது ஐம்பத்திரண்டு. பத்தாவது வரை படிப்பு. ஒரே மகள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடி ஆறு மாதம் முடிந்திருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. பகல் முழுவதும் அந்தப் பெண் வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். அம்மா அங்கே போக வேண்டுமானால் சென்னையில் விசா நேர்காணலுக்குப் போய் அதிகாரி முன்னால் நின்று பேச வேண்டும். பதினெட்டு நாள்தான் இருந்தது.

"என்ற புள்ளை அங்க ஒத்தையாக் கெடக்குதுங்க. எப்படியாச்சும் என்னைய நாலு வார்த்தை பேச வெச்சுப்போடுங்க அம்மணி."

தமிழிலேயே கேட்கச் சொல்லலாம், அங்கே மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அது சரிப்படுமா என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தமிழ்ல பேசினா ஒரு எளக்காரமுங்க அக்கா. இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷம் தப்பில்லாமப் பேசிப்போட்டீங்கன்னா, முத்திரையைக் குத்திக் குடுத்துப்போடுவாங்க."

எனக்கு எந்த அதிகாரியைத் தெரியும்? எந்தத் தூதரகத்துக்குள் கால் வைத்திருக்கிறேன்? வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். அவர் அதை அப்படியே நம்பினார். அன்றைக்கே வகுப்பு தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளை முப்பது கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்துகொள்வேன். அக்கா அந்தப் பக்கம் நிற்பார். கேள்வியைக் கேட்பேன். அவர் இரண்டு வார்த்தை சொல்வார். டொக். உடனே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "சொல்லுங்க" என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நாலாம் நாளுக்குள் பேனாவை நான் தூக்கினாலே அவர் குரல் நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் விட்டுப் பிடித்திருப்பார்கள். நான் பிடித்ததை விடுகிற ஜாதி இல்லை.

ஆனால் உழைத்தார். பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார். ராத்திரி சமையல் முடித்து வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவார். பின்னால் மாடு கத்தும். "தெனமும் மாட்டுக்கு முன்னால நின்னுதானுங்க ஒப்பிக்கறேன். என்ற மாடெல்லாம் இனி கன்னு போட்டா இங்கிலீசுலதான் கத்துமுங்க" என்றார் ஒருநாள். அன்றைக்குத்தான் முதல்முறை நான் சிரித்தேன்.

சொந்த ஊரில் என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'வீ ஆர் ஃபார்மர்ஸ்' என்று சரியாகச் சொன்னார். நிலம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வீ ஆர் ஹேவிங் லிட்டில் லேண்ட், சார்."

டொக். "ஹேவிங் கூடாது அக்கா. ஹேவ். அப்புறம், லிட்டிலுக்கு முன்னாடி ஒரு 'எ' போடுங்க. அது இல்லீன்னா நிலமே இல்லாத மாதிரி ஆயிப்போகும்."

"வீ ஹேவ்... லிட்டில்..."

டொக்.

அந்த ஒற்றை எழுத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், 'வீ ஹேவ் எ லிட்டில் லேண்ட்' என்று தடங்கலில்லாமல் வந்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு, 'ஷீ இஸ் ஃபைன்' என்று ஒரே வீச்சில் சரியாகச் சொன்னார். 'சபாஷ் அக்கா' என்றேன். இரண்டு பதிலும் பச்சைப் பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இலக்கணம் சரியாக இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் பயிற்சி நடுவில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனை மேசைமேல் சாய்த்து வைத்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. முகம் உப்பி, கண் இரண்டும் இடுங்கிப்போய்க் கிடந்தன. "எப்பம்மா வருவே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வாரேன் கண்ணு. டீச்சர்கிட்டத்தான் படிச்சுக்கிட்டு இருக்கறேன். வந்துருவேன்."

போனை வைத்ததும் நான் கேட்டேன், முகம் ஏன் அப்படி வீங்கியிருக்கிறது என்று. "கொஞ்சம் வீக்கமாட்டத் தெரியுதுங்க. ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பைக்குள் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். நான் பேனாவைத் தட்டி அடுத்த கேள்விக்குப் போனேன்.

நேர்காணல் அன்று அவரும் அவர் கணவரும் சென்னைக்குப் போனார்கள். காலை பத்திலிருந்து எனக்கு வகுப்பில் நிலை கொள்ளவில்லை. பேனாவைத் தட்ட மறந்தேன். பிள்ளைகள் சந்தோஷமாகத் தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு. போன் வரவில்லை. ஒன்றரைக்கு நானே கூப்பிட்டேன்.

"இல்லைன்னுபோட்டாங்க அம்மணி."

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. என் வாயிலிருந்து முதலில் வந்தது ஆறுதல் இல்லை. "என்ன தப்புப் பண்ணினீங்க?" என்றுதான் கேட்டேன்.

"ஒரு தப்பும் பண்ணலீங்க. நீங்க சொல்லிக்குடுத்த 'எ'வைக்கூட உடலீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. பரீட்சையில் எல்லாம் எழுதியும் தோற்றுப்போன பிள்ளையின் திகைப்புதான் இருந்தது. கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

தூதரகத்தில் கொடுத்த தாளின் படத்தை மாப்பிள்ளை எனக்கும் அனுப்பியிருந்தார். போனவர் திரும்பி வந்துவிடுவார் என்று நம்புவதற்கு ஊரில் போதுமான பிடிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. பத்துத் தடவை படித்தேன். மறுநாள் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்க வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் கணவர் ஒரு பழைய மொபெட்டில் வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் தென்னை. வரிசை பிடித்து, முடிவே இல்லாமல் தென்னை.

"இது யார் தோட்டமுங்க?" சும்மாதான் கேட்டேன்.

"நம்முளுதுதானுங்க."

கொஞ்ச தூரம் போனது. "அதுங்க?"

"அதும்தானுங்க."

ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. அதற்கு அப்புறமும் தென்னை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வாய்க்காலுக்கு அக்கட்டயும் கொஞ்சம் இருக்குதுங்க" என்றார்.

"மொத்தம் எவ்வளவுங்க?"

வண்டி மெதுவானது. சுற்றிலும் மரத்தைத் தவிர ஆளே இல்லை. இருந்தும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஏதோ... ஒரு இருபத்திரண்டு ஏக்கரா வருமுங்க."

அடேயப்பா என்று எனக்குள் ஒரு சத்தம் கேட்டது. இருபத்திரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருக்கிற பொம்பளைக்கு, 'எ லிட்டில் லேண்ட்' என்று ஒரு மணி நேரம் உருப்போட வைத்தவள் நான். 

வீட்டுக்குப் போனதும் தண்ணீரைக்கூட வாங்காமல் அக்காவிடம் கேட்டேன், உள்ளே நடந்ததை அப்படியே சொல்லுங்க என்று. நிலம் இருக்கிறதா என்று கேட்டாராம் அதிகாரி. நான் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னாராம். எதற்குப் போகிறீர்கள்? "ஜஸ்ட் டு சீ, சார்." மகள் எப்படி இருக்கிறாள்? "ஷீ இஸ் ஃபைன்." அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"பைல் கொண்டுட்டுப் போனீங்களே? பட்டா, சிட்டா, அங்கத்து டாக்டர் லெட்டர்?"

"கேக்கலீங்களே அம்மணி. கேக்காம எப்படிங்க எடுத்து நீட்டறது? சொத்தைக் காட்டிப் பெருமை அடிக்கறாப்பல ஆயிப்போகாதுங்களா?"

"டாக்டர் லெட்டரு?"

அவர் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. கொட்ட வேண்டிய இடம் நான்தான். ஏனென்றால் நான் ஒன்றும் வேற்றூர்க்காரி இல்லை. பல்லடத்தில் தறிக்கூடத்துக்குள் வளர்ந்தவள். என் அப்பாவுக்குப் பதினாறு தறி இருந்தது. யாராவது கேட்டால், "ஏதோ நாலு தறி ஓடுதுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று கோழிப்பண்ணை வைத்திருந்தார். "பொழப்பு ஓடுதுங்க" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது மற்ற ஊரில் திருட்டுத்தனம், எங்கள் ஊரில் மரியாதை. இருப்பதை இருக்கிறபடி சொன்னால் கண் பட்டுவிடும், அதோடு 'பெருமை பீத்தறான்' என்று பேரும் வரும். கேட்கிறவருக்கும் இது தெரியும். 'கொஞ்சம்' என்றால் அவரே மனதுக்குள் பத்தால் பெருக்கிக்கொள்வார். கெட்டதற்கும் இதே சட்டம்தான். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு ஆபத்து என்று வாயால் சொல்லிவிட்டால் அது பலித்துவிடும். அதனால் சாகக் கிடந்தாலும் 'பரவால்லீங்க'தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரிக்குப் பெருக்கத் தெரியவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டார். நானும் பதினெட்டு நாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார், எனக்கு என்ன கேடு?

மாப்பிள்ளை ராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன ஒரு நேர்காணல் தேதியைப் பிடித்தார். ஒன்பது நாள் கழித்து. அதற்குள் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

மறுபடி வகுப்பு. இந்த முறை பேனாவை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். "தப்பாப் பேசுங்க, எப்படி வேணும்னாலும் பேசுங்க. உள்ளதைச் சொல்லுங்க" என்றேன். நிலம் எவ்வளவு என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தார். "ட்வென்ட்டி டூ ஏக்கர்" என்று ஏதோ கெட்ட வார்த்தை சொல்கிற மாதிரி சொன்னார். இன்னும் சத்தமாக என்றேன். சொன்னார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"ஊட்டுக்குப் போனதும் மொளகா சுத்திப் போட்டுக்கறேனுங்க" என்றார்.

ஆனால் மகளைப் பற்றிய கேள்விக்கு வந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். 'ஷீ இஸ் ஃபைன்.' இல்லை அக்கா, உள்ளதைச் சொல்லுங்க. 'ஷீ இஸ்... லிட்டில் ஃபைன்.' மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னதோ என்னவோ.

"நீங்க இப்படியே மென்னு முழுங்கிக்கிட்டு இருங்க! அங்க உங்க புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அப்ப யாருகிட்டப் போய் ஃபைன் ஃபைன்னு சொல்லுவீங்க?"

அவர் சட்டென்று எழுந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வாயைக் கழுவுங்க அம்மணி!"

அப்போதும் 'ங்க' போட்டார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அன்றைக்கு ராத்திரி குரல் பதிவு வரவில்லை. நான் நாலு தடவை மன்னிப்பு என்று எழுதி நாலு தடவையும் அழித்தேன். அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டால், என் நாக்கில் இருந்த சனிதான் காரணம் என்று ஆகிவிடுமே என்று நடுங்கினேன். பார்த்தீர்களா, படிப்பு சொல்லித்தருகிற லட்சணம்! எனக்கும் அதே பயம்தான்.

மறுநாள் காலை வகுப்பைத் திறக்கும்போது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கேளுங்க" என்றார். நான் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"மை டாட்டர் ஹாஸ்பிடல். ப்ளட் பிரஷர் டூ மச். ஒன் பேபி ஆல்ரெடி டைடு. திஸ் டைம் ஐ வான்ட் நியர் ஷீ."

அதில் எத்தனை தப்பு என்று எண்ணுவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். "போதுமுங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

சென்னைக்கு இந்த முறை நான் கூடப் போனேன். ஒருமுறை வெளியே நின்று பார்த்த அவர் கணவருக்கு மறுபடி அங்கே நிற்கத் தெம்பில்லை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வரிசையில் நிற்கும்போதே அக்கா தன் போனை என் கையில் கொடுத்தார். "கூப்பிட்டா எடுத்துச் சொல்லுங்க, அம்மா உள்ள இருக்குதுன்னு" என்றார். எட்டரைக்கு உள்ளே போனார். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"டீச்சருங்களா? அத்தை உள்ள போயிட்டாங்களா?" குரல் உடைந்திருந்தது. "பிரஷர் திடீர்னு ஏறிருச்சுங்க. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுட்டுப் போயிட்டாங்க. இன்னும் எட்டு மாசம்கூட முடியல. ரெண்டு பேரைப் பத்தியும் ஒரு உறுதியும் சொல்ல மாட்டேங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உள்ள போறப்ப, 'அம்மா வந்துட்டாங்களா'ன்னு கேட்டா டீச்சர். வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லிப்போட்டேன்."

அதற்குப் பிறகு கடந்த ஒன்றேகால் மணி நேரத்தை எப்படிச் சொல்வது? அவர் வெளியே வந்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பதினெட்டு நாளும் ஒன்பது நாளும் அவரை நிற்கவைத்து ஒத்திகை பார்த்த எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

பதினொரு மணிக்கு வந்தார். சாலையைக் கடக்கும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"குடுத்துட்டாங்க அம்மணி! இங்கிலீசுலயேதான் சொன்னேனுங்க. தப்புத்தப்பா எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். தமிழ்ல கேக்கட்டுமான்னாங்க. வேண்டாமுன்னுட்டேன். தமிழ்ல எம்புள்ளைக்கு இப்படின்னு சொல்ல எனக்கு நாக்கு பொரளாதுங்க. பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டாங்க, நாலஞ்சு நாள்ல வந்துருமாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "போன் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. நல்லா..." என்று என் வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்தினேன். "ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுட்டுப் போயிருக்காங்க அக்கா. பிரஷர் ஏறிருச்சாமுங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவர் தன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அழவில்லை. சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தார். பிறகு, "உள்ள போறப்ப என்ற புள்ளை ஏதாச்சும் சொல்லுச்சாமுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலையாமுங்க அக்கா."

"செரீங்க."

ரயிலுக்கு நேரமாகிறது என்று நானும் சொல்லவில்லை, அவரும் எழவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு தடவை எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒன்றரைக்குப் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். மாப்பிள்ளை அழுதுகொண்டே சிரித்தார். பெண் குழந்தை. எடை ரொம்பக் குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், ஆனால் மூச்சு சீராக இருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, இப்போதுதான் நினைவு வந்தது, ஆபத்து தாண்டிவிட்டது. அதை அப்படியே, ஒரு சொல் விடாமல், அக்காவிடம் சொன்னேன்.

அப்போதுதான் அவர் அழுதார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதார். நானும் அழுதேன். கொஞ்சம் அடங்கிய பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"உள்ள போறப்ப என்னையக் கேட்டிருக்குமுங்க."

"இல்லீங்க அக்கா, அவங்க ஒண்ணும்..."

"கேட்டிருக்கும். எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும். நீங்களும் நம்ம பக்கத்துப் புள்ளைதானுங்களே."

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "கேட்டாங்களாமுங்க" என்றேன். "அம்மா வந்துட்டாங்களான்னு கேட்டாங்களாமுங்க அக்கா."

அவர் தலையாட்டினார். பிறகு திரும்பி என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"மொதத் தடவையே நாம உள்ளதைச் சொல்லியிருந்தா நான் அங்க பக்கத்துல இருந்திருப்பேனுங்க அம்மணி."

"ஆமாங்க அக்கா" என்றேன்.